மெர்ச்சண்டைசர் வேலையை விட நினைக்கிறேன், வழி சொல்லுங்கள்

திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் 9 வருடமாக மெர்ச்சண்டைசர், அதாவது பையரின் ஆடை ஆர்டரை ஆரம்பம் முதல் ஷிப்மெண்ட் வரை பார்த்துக்கொள்ளும் வேலை. சம்பளம் 32,000. ஷிப்மெண்ட் வாரத்தில் வீடு வர இரவு 11 ஆகிவிடும், மகள் தூங்கியிருப்பாள். இனி முழுநேர வேலை வேண்டாம் என்றிருக்கிறேன்.

இங்கே காதர்பேட்டை மார்க்கெட்டில் சர்ப்ளஸ் (எக்ஸ்போர்ட்டில் மிஞ்சிய) டி-ஷர்ட் 200 பீஸ் வாங்கி வாட்ஸ்அப்பில் விற்றுப் பார்த்தேன். 70 பீஸ் இன்னும் கட்டிலுக்கடியில் கிடக்கிறது, எல்லாம் எக்ஸ்எல். அப்புறம் ஜனவரியில் பழைய ஓவர்லாக் தையல் மெஷின் ஒன்று வாங்கி, மனைவி ஜாப் ஒர்க் (கூலிக்குத் தைத்துக் கொடுப்பது) எடுத்தார். வேலை வருகிறது, பணம்தான் 60 நாள் கழித்து வருகிறது. வீட்டு ஓனர் அதுவரை பொறுப்பாரா?

கையிருப்பு ஒன்றரை லட்சம். பிஎஃப் பணத்தைத் தொட மனமில்லை. டெக் பேக் (ஆடையின் அளவு, துணி, தையல் விவரம் எழுதிய தாள்), காஸ்டிங் (விலைக் கணக்கு), பையருக்கு மெயில் போடுவது எல்லாம் அத்துப்படி.

இதையே சிறு பிராண்டுகளுக்கு வீட்டிலிருந்து செய்து கொடுப்பவர்கள், முதல் வாடிக்கையாளரை எப்படிப் பிடித்தீர்கள்?