குப்பைக்கு ஒன்றே முக்கால் மணி நேரம், காருக்குக் கண்ணாடி போடும் நேரம்: மன்றக் கூட்ட அனுபவங்கள்

கடைசி வரிசை எழுதியது:

வாழ்க்கையில் முதன்முறையாக நான் நகர மன்றக் கூட்டத்துக்குப் போனது ஒரு மூடியால். குளிர்பானக் குவளையின் பிளாஸ்டிக் மூடி. தினமும் காலையில் வாசற்படியில் நாலைந்து கிடக்கும், உறிஞ்சுகுழல் செருகியபடியே. காரை விட்டு இறங்காமலே வாங்கிக்கொண்டு போகிற துரித உணவகம் ஒன்று பக்கத்துத் தெருவில் வந்த பிறகு ஆரம்பித்த தொல்லை. மனு கொடுத்தேன். "அடுத்த கூட்டத்தில் வைக்கிறோம், வந்து பாருங்கள்" என்றார்கள்.

பார்வையாளர் பகுதியில் என்னோடு சேர்த்து மூன்று பேர். ஒருவர் நல்ல உறக்கம். நிகழ்ச்சி நிரலில் குப்பை பொருள் எண் 14. ஒன்றே முக்கால் மணி நேரம் பேசினார்கள். இளைஞர்களுக்குப் பொறுப்பில்லை என்றார் ஒருவர். பள்ளியிலேயே சொல்லித்தர வேண்டும் என்றார் இன்னொருவர். கடைக்காரர்களைக் கூப்பிட்டுக் கண்டிக்க வேண்டும் என்று மேசையைத் தட்டியவரிடம், "எந்தப் பிரிவின் கீழ்?" என்று அதிகாரி கேட்டார். அவர் தண்ணீர் குடித்தார். தினம் எத்தனை மூட்டை சேருகிறது, எந்தத் தெருவில், எத்தனை மணிக்கு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கடைசியில் குழு அமைத்துப் பரிசீலிக்கலாம் என்று ஒத்திவைத்தார்கள்.

பொருள் எண் 17: "அலுவலர் வசதிகள் திருத்தம், பின்னிணைப்பில் கண்டவாறு." அதையும்தான் பார்ப்போமே என்று பையில் கண்ணாடியைத் துழாவினேன். போட்டுக்கொண்டு நிமிர்ந்தால் "ஏற்கப்பட்டது" என்று சொல்லி முடித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து படித்தேன். உயர் அலுவலர்களுக்குப் புது வாகனம், கைப்பேசிக் கட்டணத்துக்கு இருந்த உச்சவரம்பு நீக்கம், அலுவலக வாசலை ஒட்டி 6 கார் நிறுத்துமிடம்.

எங்கள் மன்றம் மட்டும்தான் இப்படியா? கூட்டத்துக்குப் போய்ப் பார்த்தவர்கள், உள்ளே இருந்தவர்கள் எழுதுங்கள்.

விடியல் எழுதியது:

சார், நான் துப்புரவுப் பிரிவுல 26 வருஷம் இருந்தவன். கடைசி 9 வருஷம் மேற்பார்வை. நீங்க மூடியைச் சொன்னீங்க, நான் பெட்டியைச் சொல்றேன்.

தெருத் தொட்டியோட வாய் வட்டம். பீட்சா பெட்டி சதுரம். முதல்ல வர்றவன் மடிக்காம அப்படியே திணிச்சுட்டுப் போயிடுவான். அது வாயை அடைச்சுக்கும். அடுத்து வர்றவங்க எல்லாம் தொட்டி நிறைஞ்சு போச்சுன்னு மேல வைப்பாங்க, பக்கத்துல வைப்பாங்க, அப்புறம் அது காத்துல பறக்கும். காலையில நான் போய் அந்தப் பெட்டியை உருவினா உள்ள பாதிக்கு மேல காலி.

குவளை இன்னொரு கதை. பார்க்கக் காகிதம் மாதிரி இருக்கும், உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு. அதனாலதான் ராத்திரி முழுக்கப் பானம் இருந்தாலும் ஊறாது. யாரும் முழுசாக் குடிக்கறதில்ல. அப்படியே மூட்டையில போட்டா ஒண்ணு சாஞ்சு, தூக்குறவன் முதுகெல்லாம் பிசுபிசுன்னு ஆயிடும். அதனால ஒவ்வொண்ணா மூடியைக் கழட்டி, கவுத்து, அப்புறம்தான் போடணும். 40 குவளைன்னா 40 தடவை குனியணும். பனி பெஞ்ச ராத்திரின்னா கை துடைக்கிற தாள் தரையோட ஒட்டிக்கும். பெருக்குமாறு அது மேலயே வழுக்கிட்டுப் போகும். சுரண்டித்தான் எடுக்கணும். மிச்சம் மீதியைக் காக்காய் இழுத்துப்போட்டு வச்சிருக்கும்.

மன்றத்துல என்னைக் கூப்பிட்டது ஒரே தடவை. தொட்டி வழியுதே, ஏன் எடுக்கலைன்னு விளக்கம் கேட்டாங்க. இந்தப் பெட்டி சமாச்சாரத்தைச் சொன்னேன். ரெண்டு பேர் சிரிச்சாங்க. கூட்டக் குறிப்புல "மேற்பார்வையாளர் விளக்கமளித்தார்"னு ஒரு வரி. என்ன விளக்கம்னு இல்ல.

முன்னாள் உறுப்பினர் எழுதியது:

ஒரு முறை உறுப்பினராக இருந்தவன் என்ற முறையில் கொஞ்சம் எதிர்ப்பாட்டு.

படி, சம்பளம் என்றாலே திருட்டு என்று பேசுவதை ஒப்புக்கொள்ள மாட்டேன். 1838-இல் பிரிட்டனில் ஓட்டுரிமை கேட்டுத் தொழிலாளர்கள் நடத்திய சாசன இயக்கத்தார் வைத்த ஆறு கோரிக்கைகளில் ஒன்றே நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குச் சம்பளம் வேண்டும் என்பதுதான். சம்பளம் இல்லையென்றால் சொத்துள்ளவன் மட்டும்தான் அவையில் உட்கார முடியும், ஆலைத் தொழிலாளி உட்கார முடியாது என்பது அவர்கள் வாதம். அங்கே அது கைகூட 1911 ஆயிற்று. நானே பகல் ஷிப்டை விட்டுவிட்டுக் கூட்டத்துக்குப் போனவன். படி இல்லாவிட்டால் இரண்டாவது மாதமே நின்றிருப்பேன்.

ஆனால் உங்கள் பொருள் எண் 17 வேறு சங்கதி. அது உறுப்பினர் படி அல்ல, அலுவலர் வசதி. அதில் நாங்கள் ஏன் வாய் திறப்பதில்லை தெரியுமா? எல்லாரும் பங்கு வாங்கிவிட்டார்கள் என்று வெளியே நினைக்கிறார்கள். அவ்வளவு விறுவிறுப்பான காரணம் இல்லை. நாளைக்கு என் பகுதியில் விளக்கு எரியவில்லை என்றால் அதே அதிகாரியின் அறை வாசலில்தான் நான் போய் நிற்க வேண்டும். அவர் காரைப் பற்றி இன்று கேள்வி கேட்டால் என் விளக்குக் கோப்பு மூன்று மாதம் தூங்கும். நான் இருந்த 5 வருஷத்தில் ஒரு தடவைகூட அந்த வரியில் நான் கை தூக்கவில்லை. பெருமையாகச் சொல்லவில்லை.

குப்பையைப் பற்றி மணிக்கணக்கில் பேசியதும் அதனால்தான். இளைஞர்களைத் திட்டினால் எந்தக் கோப்பும் நிற்காது.

மீட்டர் எழுதியது:

அதிகாரியின் காருக்கான ஓட்டப் பதிவேட்டின் நகலை எழுதிக் கேட்டு வாங்கினேன். இரண்டு முறை "கோப்பு தேடப்படுகிறது". மூன்றாவது முறை கிடைத்தது. தேதி, புறப்படும் மீட்டர், திரும்பும் மீட்டர், நோக்கம் என்று நாலு கட்டம். நோக்கம் என்ற கட்டத்தில் வருஷம் முழுக்க ஒரே சொல்: "அலுவல்". விடுமுறை நாளிலும் அலுவல். ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே நாளில் உட்கார்ந்து எழுதியது மாதிரி. கூட்டத்தில் ஒரு உறுப்பினர் வழியாகக் கேள்வி எழுப்பினேன். பலன் இல்லாமல் போகவில்லை. அடுத்த வருஷப் பதிவேட்டில் "அலுவல் / ஆய்வு" என்று எழுதியிருந்தார்கள்.

சின்னத் தொகைதானே என்பார்கள். 1995-இல் சுவீடன் துணைப் பிரதமராக இருந்த மோனா சாலின் அரசு கடன் அட்டையில் சாக்லேட் உட்படச் சொந்தச் செலவு செய்தது வெளியே வந்தது. இன்றைக்கும் அந்த விவகாரத்துக்கு டோப்ளரோன் சாக்லேட்டின் பெயர்தான். சாக்லேட் எல்லாருக்கும் புரிகிற சாமான். தொகை அப்படியில்லை.

டப்பா எழுதியது:

கடைக்காரரை "எந்தப் பிரிவின் கீழ்" கேட்பது என்று அதிகாரி மடக்கினார் அல்லவா, அது குதர்க்கம் இல்லை, நியாயமான கேள்வி. அதற்கு விடை தேடி மூன்று வருஷம் அலைந்த ஒரு ஊரில் நான் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன்.

ஜெர்மனியில் தூபிங்கன். 2022 ஜனவரி 1 முதல், தூக்கியெறியும் குவளை, தட்டு, பெட்டி ஒவ்வொன்றுக்கும் 50 சென்ட், கரண்டி வகைக்கு 20 சென்ட் என்று நகராட்சியே வரி போட்டது. வரி கட்ட வேண்டியவர் கடைக்காரர். துரித உணவகம் நடத்தும் ஒருவர் வழக்குப் போட்டார். வழக்கின் மையம் என்ன என்று நினைக்கிறீர்கள்? சுற்றுச்சூழல் இல்லை. வாங்கியவன் எங்கே தின்கிறான் என்பது! உள்ளூரில் நுகர்கிற பொருளுக்குத்தான் நகராட்சி வரி போடலாம். பொட்டலத்தைக் காரில் வைத்துக்கொண்டு எல்லை தாண்டிப் போய்த் தின்றால்? அந்த வாதத்தை ஏற்று மன்ஹைமில் இருந்த நீதிமன்றம் வரி செல்லாது என்றது. 2023 மே மாதம் மேல் நீதிமன்றம் அதை மாற்றியது. சுடச்சுட வாங்கியதை ஆறுவதற்குள் தின்றுவிடுவார்கள், ஆகவே உள்ளூர் நுகர்வுதான் என்ற ரீதியில் போயிற்று விவாதம். 2025 ஜனவரியில் அரசியலமைப்பு நீதிமன்றமும் வரி செல்லும் என்று அறிவித்தது. இதே மாதிரி காசல் நகரம் போட்ட வரி 1998-இல் அதே நீதிமன்றத்தில் அடிபட்டுப் போனது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உள்ளூர் மன்றம் ஒரு கரண்டிக்கு வரி போட இவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கிறது.

எனக்கு அங்கே தொற்றிய பழக்கம், கையோடு டப்பா. முதல் நாள் நீட்டியபோது கூச்சமாக இருந்தது. வாங்கிக்கொண்ட பையன் மூடியை எந்தப் பக்கம் அழுத்துவது என்று மட்டும் கேட்டான்.

கடைசி வரிசை எழுதியது:

டப்பா, உங்கள் வழக்குக் கதையைப் படித்துவிட்டு ஒரு காரியம் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை அந்த உணவகத்தின் வாசலிலிருந்து கார்கள் போகும் வழியே நடந்தேன், கையில் நோட்டு. கடையைச் சுற்றிக் குப்பை ஏறக்குறைய இல்லை. அங்கேயே தொட்டி இருக்கிறது, ஆள் பெருக்குகிறார்கள். கொஞ்ச தூரத்தில் காகித உறைகளும் உருளைக்கிழங்கு வாங்கிய கூம்புகளும். இன்னும் தள்ளி, சிவப்பு விளக்கில் வண்டி நிற்கிற இடத்தில் பெட்டிகள். எங்கள் வாசல் அதற்கும் அப்பால். அதனால் எங்களுக்குக் கிடைப்பது மூடியும் குவளையும். தின்னுவது முன்னால் முடிந்துவிடுகிறது, குடிப்பது கடைசியில். அந்த நீளம் முழுக்க ஒரு தொட்டி இல்லை! மன்றம் வைத்த தொட்டிகள் எல்லாம் கடை வாசலில், ஏற்கெனவே சுத்தமாக இருக்கிற இடத்தில்.

ஒரு பக்கத்தில் எழுதி என் பகுதி உறுப்பினரிடம் கொடுத்தேன்.

பின்னிணைப்பு எழுதியது:

எங்கள் மன்றம் குப்பையைப் படிக்க வெளியூருக்கு ஆய்வுப் பயணமே போனது. 11 பேர், 4 நாள். அறிக்கை மூன்று பக்கம், அதில் இரண்டு குழுப் படம். ஆனால் பழி சொல்லக் கூடாது. மூன்றாவது பக்கத்தில் ஒரு உருப்படியான வரி இருந்தது: அந்த ஊரில் பீட்சா பெட்டிக்கென்று தொட்டியின் பக்கவாட்டில் தட்டையான தனித் திறப்பு. விடியல் ஐயாவைக் கேட்டிருந்தால் வண்டிச் செலவில்லாமலே கிடைத்திருக்கும் என்பது வேறு விஷயம்.

கடைசி வரிசை எழுதியது:

நேற்றுக் கூட்டம். இந்த முறை கண்ணாடியை முதலிலேயே போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். குழு இன்னும் கூடவில்லையாம். ஆனால் என் ஒரு பக்கக் குறிப்பை உறுப்பினர் வாசித்தார். பத்து நிமிடத்தில் தீர்மானம் ஆனது: சிக்னல் அருகே 2, எங்கள் தெரு முனையில் 1, மொத்தம் 3 தொட்டி. அலுவலர் வசதி எதுவும் நிரலில் இல்லை. நிறுத்துமிடத்தில் மஞ்சள் கோடு போட்டு, பதவிப் பெயரும் எழுதியாகிவிட்டது.

இன்று காலையிலேயே தொட்டிகளை இறக்கிவிட்டார்கள். நம்பவே முடியவில்லை.

விடியல் எழுதியது:

சந்தோஷம் சார். வாய் சதுரமா, வட்டமா?

கடைசி வரிசை எழுதியது:

போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வட்டம்.