கலிங்கின் வாயை அடைக்க வேண்டாம்

அன்புள்ள உறவுகளுக்கு வணக்கம்.

நம் அண்ணனின் தோட்டத்து மண் அணையில் இன்னும் இரண்டடி நீர் தேக்க, மிகை நீர் வழிந்தோடும் வாயான கலிங்கின் மேல் மணல் மூட்டைகளை அடுக்கலாம் என்ற யோசனையைப் படித்ததிலிருந்து மனம் நிலைகொள்ளவில்லை. கோடையில் பயிர் வாடியதைக் கண்டவருக்கு, மழைக்காலத்தில் கலிங்கு வழிவதைப் பார்ப்பது எவ்வளவு வேதனை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த நீர் வீணாகவில்லை. கரையைக் காப்பாற்றிவிட்டுப் போகிறது.

நிறைமட்டத்துக்கு மேலே சும்மா நிற்பதுபோல் தெரியும் கரை உயரம் வெள்ளத்துக்கும் அலைக்கும் உரியது. மூட்டைகள் விழுங்குவது அதைத்தான். கான்கிரீட் அணை என்றால் மேலே நீர் வழிந்தாலும் பெரும்பாலும் தாங்கும். மண் கரை தாங்காது. உச்சியைத் தாண்டும் நீர் வெளிச்சரிவை அறுத்துக்கொண்டே பின்னோக்கி வரும். சில மணி நேரத்தில் கரையே இருக்காது.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சவுத் ஃபோர்க் என்ற மண் அணை ஒரு தனியார் மன்றத்தின் கையில் இருந்தது. வளர்த்த மீன்கள் தப்பிவிடக் கூடாதென்று கலிங்கில் கம்பி வலை கட்டினார்கள். வண்டி போக வசதியாகக் கரை உச்சியையும் தாழ்த்தினார்கள். அடியில் நீரை வெளியேற்றும் குழாய்களை முந்தைய உரிமையாளரே கழற்றி விற்றிருந்தார். 1889 மே 31 அன்று பெருமழையில் அணை உடைந்து 2,209 பேர் இறந்தார்கள். மீனுக்காகக் கட்டிய வலை! பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. கென்யாவின் சோலாயில் 2018 மே மாதம் ஒரு தனியார் பண்ணையின் பாசன அணை இரவில் உடைந்தது. 40க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

மட்டம் கூடினால் கசிவின் அழுத்தமும் கூடும். கரைக்கு அடியில் நீரைத் திறந்துவிடும் மதகுக் குழாயைச் சுற்றி மண்ணை நன்றாக இறுக்குவது கடினம்; நீர் முதலில் வழி தேடுவது அங்கேதான். வெளிப்புறக் கரையடியில் தெளிந்த நீர் ஒரே அளவில் கசிந்தால் கவனித்துக்கொண்டே இருக்கலாம். கலங்கி வந்தால் கரைக்குள்ளிருந்து மண் வெளியேறுகிறது என்று பொருள்; அன்றைக்கே மட்டத்தைக் குறைக்கத் தொடங்க வேண்டும். அதையும் நிதானமாகச் செய்ய வேண்டும். சட்டென்று இறக்கினால் ஈரம் ஊறிய உள்சரிவு சரிந்துவிடும்.

கரையில் மரக்கன்றுகள் நடும் திட்டத்தையும் கைவிடுங்கள். மரம் பட்டுப்போய் வேர் மக்கினால் அதன் தடமே நீருக்குப் பாதையாகும். கரைக்குப் புல் போதும்.

கூடுதல் நீர் வேண்டுமென்றால் வண்டலைத் தூர் வாரலாம். கரையடியை ஒட்டித் தோண்டாமல், கசிவைத் தடுக்கும் அடிக்களிமண்ணைக் கிழிக்காமல் வார வேண்டும். செலவு அதிகம்தான். என் பங்கைத் தருகிறேன், மற்றவர்களும் தர வேண்டுகிறேன்.

மூட்டைகளை ஏற்கெனவே அடுக்கியிருந்தால், அருகில் இருப்பவர்கள் அண்ணனிடம் இன்றே பேசுங்கள். மழைக்கு முன் அவற்றை எடுத்தாக வேண்டும்.