‘மெஷ்’ என்பதற்கு வலையா, கட்டமா, கண்ணியா?

அன்புள்ள ஐயா,

மூலக்கூறுகளைக் கணினியில் உருவகப்படுத்தும்போது அணுக்களுக்கிடையிலான மின்விசையைக் கணக்கிட உதவும் ‘பார்ட்டிகிள் மெஷ் எவால்ட்’ (particle mesh Ewald) முறைக்குத் தாங்கள் தந்த ‘துகள்வலை எவால்ட் கூட்டல்’ காதுக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் மனம் ஏற்கவில்லை. துகள்வலை என்றால் துகள்களால் பின்னிய வலை என்றுதான் மாணவர் கொள்வார். இந்த வலையோ, துகள்களின் மின்னூட்டத்தை ஏந்துவதற்காக நாம் விரிப்பது.

உருவகப்படுத்தும் பெட்டியில் ஒரு லட்சம் அணுக்கள் இருந்தால், விசையைக் கணக்கிட வேண்டிய அணு இணைகள் ஏறத்தாழ 500 கோடி. மின்விசை தொலைவில் மெதுவாகவே தேய்வதால், ஒரு நானோமீட்டருக்கு அப்பால் வெட்டிவிடவும் முடியாது. படிகங்களுக்காக 1921இல் இயற்பியலாளர் எவால்ட் இந்தக் கூட்டலை இரண்டாகப் பிரித்தார். அருகில் உள்ளது நேரடியாக, எஞ்சியது தலைகீழ் வெளியில், அதாவது அலைகளின் கூட்டலாக. 1993இல் டார்டென், யார்க், பெடர்சன் மூவரும் அந்த இரண்டாம் பகுதியைத்தான் மெஷ்ஷுக்கு, அதாவது பெட்டியில் சீரான இடைவெளியில் விரித்த புள்ளிகளுக்கு, கொண்டுவந்தனர். அணுக்களின் மின்னூட்டத்தை அருகிலுள்ள புள்ளிகளுக்குப் பங்கிட்டு, விரைவு ஃபூரியே உருமாற்றத்தால் (அலைகளாகப் பிரிக்கும் விரைவான கணக்குமுறையால்) கணக்கிட்டு, விசையை அதே புள்ளிகளின் வழியே அணுக்களுக்குத் திருப்புகிறோம். அணுக்கள் இரட்டித்தால் வேலை நான்கு மடங்காவதில்லை. இரண்டு மடங்கைச் சற்றே தாண்டுகிறது.

‘கட்டம்’ பொருந்தாது. ‘கட்ட வேறுபாடு’ (phase difference) என்று அலைக்கு அதை முன்பே கொடுத்துவிட்டோம். ஃபூரியே கணக்கில் இரண்டும் அடுத்தடுத்த வரியில் மோதும்.

என் பரிந்துரை ‘கண்ணி’. மீன்வலையின் துளை அளவைக் கண்ணி அளவு என்று கரையோரத்தில் இன்றும் சொல்கிறோம். நமக்கும் அதுவே வேண்டும்: புள்ளிகளின் இடைவெளி, வழக்கமாக 0.1 நானோமீட்டரை ஒட்டியது, ‘கண்ணி அளவு’. மின்னூட்டம் போய்ச் சேரும் புள்ளி ‘முடிச்சு’. ஒவ்வொரு திசையிலும் நான்கு முடிச்சுகளைக் கொள்ளும் நான்காம் வரிசை இடைக்கணிப்பில் ஒவ்வொரு அணுவும் 64 முடிச்சுகளுக்குப் பங்கு தருகிறது. ஒரு சொல்லை எடுத்தால் அதன் சுற்றமே கூட வருகிறது ஐயா, எனக்கு இதில் அதுதான் பெரிய மகிழ்ச்சி.

ஆகவே, ‘கண்ணிவழி எவால்ட் கூட்டல்’. துகளைத் தனியே சொல்லத் தேவையில்லை. ‘வழி’ என்பதே துகளுக்கும் கண்ணிக்கும் உள்ள உறவைச் சொல்லிவிடுகிறது. இதை ஒத்த, ஹாக்னி, ஈஸ்ட்வுட் இருவரின் முறையிலும் (P3M) அருகில் உள்ளவை ‘நேர்வழி’, தொலைவில் உள்ளவை ‘கண்ணிவழி’ என்று அழகாகப் பிரியும்.

கண்ணி என்றதும் கண்ணிவெடி நினைவுக்கு வருகிறது என்று ஈழத்து நண்பர் எழுதியிருந்தார். அந்த வலி உண்மையானது, அதை நான் எளிதாகத் தள்ளவில்லை. ஆயினும் சங்கப் பாட்டில் தலையில் சூடும் பூச்சரத்துக்கும் அதே பெயர். வெடிக்கு மட்டும் அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

மின்னூட்டத்தை முடிச்சுகளுக்குத் தருவதைச் சொல்ல ‘பங்கிடல்’ சரியா, ‘பரப்பல்’ சரியா என்பதில் மட்டும் எனக்கு ஐயம் இருக்கிறது. தங்கள் கருத்தை எழுதுங்கள்.