குளிக்கும் நேரத்து அலறல்: வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களின் அனுபவங்கள்

நாகப்பட்டினம், அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் மகள்

அம்மாவுக்கு டிமென்ஷியா. சாப்பிட்டதை மறப்பார், சில நாள் என் பெயரையும் மறப்பார். ஆனால் தலையில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் போதும், அலறுவார், என் கையைப் பிறாண்டிவிட்டு வெளியே ஓடப் பார்ப்பார். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் "வயசானா பிடிவாதம் வரத்தான் செய்யும்" என்றார்கள். எனக்கு ஒருநாளும் அப்படித் தோன்றவில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் எங்கள் தெருவுக்குள் வந்தபோது அம்மா என் தம்பியின் கையைப் பிடித்திருந்தார். தண்ணீர் அவனைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. நாகை மாவட்டத்தில் மட்டும் அன்று ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள், அவனும் அதில் ஒருவன்.

மறதி நோயில் பெரும்பாலும் அண்மைக்கால நினைவுதான் முதலில் அழியும். பழையது, அதிலும் பயத்தோடு பதிந்தது, வெகுகாலம் நிற்கும். அது எப்போதோ முடிந்துபோனது என்ற தெளிவுதான் போய்விடுகிறது. முகத்தில் தண்ணீர் பட்டதும் அம்மாவுக்கு அந்தக் காலை மறுபடி நடக்கிறது. மூளையில் அமிக்டலா என்ற பகுதி ஆபத்தை உணர்ந்துவிட்டால், யோசிப்பதற்குள் உடம்பு எதிர்த்துச் சண்டை போடும், ஓடும், இல்லையென்றால் விறைத்து நின்றுவிடும். அம்மா முதல் இரண்டையும் செய்கிறார்.

இப்போது தலையில் ஊற்றுவதே இல்லை. பின்பக்கமாகப் போய் நிற்பதில்லை. எதிரில் உட்கார்ந்து, வெதுவெதுப்பான தண்ணீரில் அவர் விரலையே முதலில் நனைக்கச் சொல்வேன். தோளில் துண்டைப் போர்த்தி, பாதத்திலிருந்து மேலே ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு வருவேன். தண்ணீர் மொள்ளும் குவளையை அவர் கையிலேயே கொடுத்துவிடுவேன். தலைக்கு வேறொரு நாள், நன்றாகப் பிழிந்த துணி மட்டும். அலறல் முழுக்க நின்றுவிடவில்லை, ஆனால் பெரும்பாலான நாள் அமைதியாக முடிகிறது.

எழுத வந்தது வேறு. அந்த வீட்டில் அன்று நானும் இருந்தேன். அம்மா அலறும்போது எனக்குக் கை கால் மரத்துப்போகிறது, காது அடைத்துக்கொள்கிறது. விறைத்து நின்றுவிடும் அந்த மூன்றாவது வகை என்னுடையது. அம்மாவின் அலறலுக்குக் காரணம் தெரிந்த எல்லாரும் என்னிடம் "நீதான் தைரியமா இருக்கணும்" என்கிறார்கள். இப்போதெல்லாம் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. தூக்கமும் இல்லை.

தஞ்சாவூர், வீடுகளுக்குப் போய்ப் பார்க்கும் செவிலியர்

அக்கா, நீங்கள் சொல்வதை நான் பல வீட்டில் பார்க்கிறேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி நிவாரணச் சேவையும் உண்டு, அதற்காகப் போகிறேன். பிரஷர் பார்த்து முடித்ததும் பக்கத்தில் நிற்பவரைப் பார்ப்பேன். சின்னச் சத்தத்துக்குத் திடுக்கிடுவது, முன்பு அழவைத்த விஷயத்துக்கு இப்போது ஒன்றுமே தோன்றாமல் போவது, தன் மாத்திரையைத் தானே மறப்பது, இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் அந்த வீட்டில் எனக்கு இரண்டு நோயாளிகள்.

ஓயாமல் உழைத்து உடம்பும் மனசும் வற்றிப்போகும் இந்த நிலையை ஆங்கிலத்தில் 'பர்ன்அவுட்', எரிந்துபோவது, என்பார்கள். அதைப் பற்றி 1974இல் எழுதிய உளவியலாளர் ஃப்ராய்டன்பெர்கர், நியூயார்க்கில் இலவச மருத்துவமனைத் தொண்டர்களிடம்தான் அதைப் பார்த்தார். உலக சுகாதார நிறுவனம் 2019இல் அதை வேலையிடம் சார்ந்த பிரச்சினை என்று மட்டுமே வரையறுத்தது. வீட்டில் இரவும் பகலும் பார்க்கும் மகளும் மருமகளும் அந்தக் கணக்கில் வரவில்லை. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. வீட்டில் பார்ப்பவரின் சுமையை அளக்க ஸாரிட் என்பவர் பெயரில் 22 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது. உங்களுக்கென்று நேரம் இருக்கிறதா, அவரோடு இருக்கையில் கோபம் வருகிறதா என்றெல்லாம் கேட்கும். அதைக் கேட்கும்போதே அழுதுவிடுகிறவர்கள் உண்டு. அதுவரை யாரும் அவர்களிடம் கேட்டதே இல்லை.

"உடம்பைப் பாத்துக்கோங்க" என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. எந்தக் கிழமை, எந்த நேரம், யார் வந்து உட்காருவார்கள் என்று குடும்பத்தை உட்காரவைத்துக் கேட்பேன். பதில் பெயரோடு வர வேண்டும். உங்களுக்கு அந்த மரத்துப்போகும் நிலை வரும்போது இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்தி, கண்ணில் படும் பொருள்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள், மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள். அந்த நிமிடத்துக்கு அது உதவும். தூக்கமே இல்லையென்றால் மனநல மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும் அக்கா. 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழில் பேசலாம், காசு கிடையாது.

மதுரை, பக்கவாதம் வந்த அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் மகன்

என் தங்கச்சி வெளியூரில் இருக்கிறாள். பணம் அனுப்புவாள், அதோடு சரி என்றிருந்தது. இப்போது மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு அவள் வந்துவிடுகிறாள், நான் மாமா வீட்டுக்குப் போய்விடுவேன். முதல்முறை போனபோது அங்கே விடியும்வரை கொட்டக் கொட்ட விழித்திருந்தேன், அப்பா கூப்பிடுவது போலவே இருந்தது. உடம்பு இறங்கிவரக் கொஞ்ச காலம் எடுக்கும், அதற்காக நிறுத்திவிடாதீர்கள்.

நாகப்பட்டினம், மகள்

14416க்குப் பேசினேன். மாவட்ட மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள், அடுத்த வாரம் போகிறேன். அன்று அம்மாவோடு சித்தி இருப்பார், குளிக்கவைக்கும் முறையைக் காட்டிக்கொடுத்துவிட்டேன். ஒன்று கேட்க வேண்டும். அம்மா ராத்திரியில் எழுந்து தெருக்கதவைத் திறக்கப் பார்க்கிறார். பூட்டினால் இன்னும் பயப்படுகிறார். இந்த மாதிரி இருக்கும் வீடுகளில் கதவுக்கு என்ன செய்கிறீர்கள்?