நொடித்த கிளப்பை வாங்க ஆள் வருமா? (2010ல் லிம் ஓடினாரா, விரட்டினார்களா)

ஈசூன்_ஆந்தை · சனி, மாலை 6.10

நேற்று வேறோர் இழையில் என் இங்கிலாந்துக் கால்பந்துக் கிளப் ஷெஃபீல்டு வெட்னஸ்டே பற்றி நாலு வரி எழுதினேன். 2025 அக்டோபர் 24ஆம் தேதி அட்மினிஸ்ட்ரேஷனுக்குப் போனோம் (நொடித்து, நிர்வாகி கைக்கு), உடனே 12 புள்ளி போச்சு. பணம் கட்ட வேண்டிய நேரத்தில் கட்டாததற்கு டிசம்பரில் இன்னொரு 6 போச்சு. யார் வாங்குவார்கள் என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறோம். இவ்வளவுதான் எழுதினேன். அதற்கு செம்பவாங்_சிவப்பு போட்ட பதில்: "கவலையை விடுங்க அண்ணே, எங்களுக்கும் 2010ல் இதே கதிதான். லிவர்பூலும் திவால். அப்புறம் நம்ம ஊர் பீட்டர் லிம் வரைக்கும் வரிசையில் நின்றார்கள். உங்களுக்கும் ஆள் வந்துவிடும்."

இதே கதியா? ஒரு புள்ளியாவது குறைத்தார்களா உங்களுக்கு? சளி பிடித்தவன் ஐசியூவில் கிடப்பவனிடம் வந்து "எனக்கும் இதேதான்" என்கிற மாதிரி இருக்கிறது. அப்புறம் லிம் எங்கே வரிசையில் நின்றார்? அவரே வாபஸ் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

செம்பவாங்_சிவப்பு · 6.31

ஆறுதல் சொன்னால் அடிக்க வருகிறீர்கள். சரி, கேளுங்கள். 2010 அக்டோபர் 15, ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்துக்கு 237 மில்லியன் பவுண்டு கட்ட வேண்டிய நாள். தவறினால் அட்மினிஸ்ட்ரேஷன், 9 புள்ளி காலி. எங்கள் பழைய முதலாளிகள் ஹிக்ஸும் ஜில்லெட்டும் 2007ல் வாங்கும்போது 60 நாளில் புது அரங்கத்துக்கு மண்வெட்டி தரையில் இறங்கும் என்றார்கள். மூன்றரை வருஷத்தில் அவர்கள் வெட்டியது எங்களுக்குக் குழி. அந்த நேரத்தில் லிம் 320 மில்லியன் பவுண்டு ரொக்கம், ஆட்டக்காரர்களுக்குத் தனியாக 40 மில்லியன் என்று வந்தார். போர்டுதான் வாசலைச் சாத்தியது. அவர் ஓடவில்லை.

ஈசூன்_ஆந்தை · 6.44

14ஆம் தேதி வாபஸ் வாங்கினாரா, இல்லையா? ஆம் அல்லது இல்லை.

புங்கோல்_கணக்கர் · 6.52

இரண்டு பேரும் ஒரு நிமிஷம். திவால், அட்மினிஸ்ட்ரேஷன், லிக்விடேஷன் மூன்றும் வேறு வேறு. அட்மினிஸ்ட்ரேஷனில் கடன்காரர்கள் பாயாமல் தடுத்துவிட்டு, நிர்வாகி கிளப்பை நடத்திக்கொண்டே விற்கப் பார்ப்பார். லிக்விடேஷனில் இழுத்து மூடிவிடுவார்கள். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் முடிவு செய்தால் நல்லது.

செம்பவாங்_சிவப்பு · 6.55

வாபஸ் வாங்க வைத்தார்கள். இரண்டும் ஒன்றா?

பெடோக்_பீரங்கி · 7.03

பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள். இப்போது புதன் சல்லிசாகக் கிடைக்கிறது, பொன் வைத்திருப்பவனைத்தான் காணோம். 😂

ஈசூன்_ஆந்தை · 7.20

பீரங்கி, அந்த ஜோக்கை நீ 2015லிருந்து சொல்கிறாய். அந்த வருஷம்தான் சன்சிரி எங்களை 37.5 மில்லியன் பவுண்டுக்கு வாங்கினார். தாய்லாந்தின் டூனா குடும்பம், பணத்துக்குப் பஞ்சமில்லை என்று நானும் குதித்தேன். அடுத்த வருஷமே வெம்ப்ளியில் பிரீமியர் லீக்குக்கு ஏறும் பிளேஆஃப் இறுதி, ஹல்லிடம் 1-0. அன்றைக்குப் போனது இன்னும் திரும்பவில்லை. நடுவில் ஹில்ஸ்பரோ அரங்கத்தையே 60 மில்லியன் பவுண்டுக்குத் தன் இன்னொரு கம்பெனிக்கு விற்றுக் கணக்குக் காட்டினார், அதற்கும் புள்ளி போச்சு. 2025ல் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் மாசாமாசம் தள்ளிப் போனது. ரசிகர்கள் அரங்கத்துக்கே போகமாட்டோம் என்று நின்றார்கள். அட்மினிஸ்ட்ரேஷன் அறிவித்ததும் அதே ஆட்கள் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினார்கள், இனி அந்தப் பணம் அவர் கைக்குப் போகாது என்பதற்காக. கிளப் நொடித்ததற்குச் சந்தோஷப்பட்ட ரசிகர்களைப் பார்த்திருக்கிறாயா நீ?

சிவப்பு தம்பி, கேள்விக்குப் பதில் வரவில்லை. ஹிக்ஸ் டல்லஸ் நீதிமன்றத்தில் தடை வாங்கி வைத்திருந்தார், விற்பனை அந்தரத்தில் தொங்கியது. கடன் கெடுவுக்கு ஒரே நாள் பாக்கி. வாங்க வேண்டும் என்று நிஜமாகவே ஆசைப்படுகிறவர் அந்த ஒரு நாள் பொறுக்கமாட்டாரா?

செம்பவாங்_சிவப்பு · 7.41

பொறுத்து என்ன செய்ய? போர்டு அதற்கு முன்பே நியூ இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் வென்ச்சர்ஸுக்கு 300 மில்லியனுக்கு விற்க ஒப்பந்தம் போட்டாச்சு. என்ன கொடுத்தாலும் அவர்களுக்குத்தான் விற்போம் என்று இருக்கிறார்கள் என அவர் அறிக்கையிலேயே சொன்னார். பெண்ணுக்கு வேறு இடத்தில் தட்டு மாற்றிவிட்டு, "நீங்கள் ஏன் மண்டபத்தில் உட்காரவில்லை" என்று கேட்பீர்களா?

ஒரு சிங்கப்பூரர் அவ்வளவு பெரிய மேசையில் உட்கார்ந்தார். அதற்குப் பெருமைப்படாமல் "ஓடினார் ஓடினார்" என்கிறீர்கள்.

ஈசூன்_ஆந்தை · 7.48

பெருமையா? மான்செஸ்டர் யுனைடெட் பெயரில் மதுக்கூடம் நடத்தியவர் லிவர்பூலை வாங்க வந்தார், அதற்கு நீ ஆரத்தி எடுக்கிறாய். நாலு வருஷம் கழித்து ஸ்பெயினில் வாலன்சியா கிளப்பை வாங்கினார். அங்கே போய்க் கேள் பெருமையை. கேரி நெவில் பயிற்றுவிப்பாளர், பார்சிலோனாவிடம் 7-0. 2019ல் கோப்பை ஜெயித்துக் கொடுத்த பயிற்றுவிப்பாளர் மார்செலினோவை நாலே மாசத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். "லிம் வீட்டுக்குப் போ" என்று ரசிகர்கள் மஞ்சள் அட்டையைத் தூக்காத ஆட்டம் உண்டா அவர்கள் மெஸ்டாயா அரங்கத்தில்?

நீ தப்பித்தாய் தம்பி. அவர் வாபஸ் வாங்கியதால் தப்பித்தாய்.

செம்பவாங்_சிவப்பு · 7.50

ஆக, விரட்டினார்கள் என்று ஒத்துக்கொண்டீர்கள்.

ஈசூன்_ஆந்தை · 7.51

எங்கே ஒத்துக்கொண்டேன்? வாபஸ் என்று எழுதியிருக்கிறேன். வா-ப-ஸ்.

கல்லாங்_அலை94 · 8.15

தம்பிகளா, ஒரு மணி நேரமாகப் படிக்கிறேன். நம்ம ஊர் வாரியர்ஸ் எஃப்சி, ஒன்பது முறை லீக் வென்ற குழு, ராணுவக் குழுவாக 1996லேயே ஆரம்பித்தது. பணப் பிரச்சினையில் 2020ல் களத்தை விட்டு வெளியேறியது. அதற்கு ஓர் இழை போட்டீர்களா? தஞ்சோங் பகார் 2004ல் விலகியது, 2011ல் திரும்பி வந்தது, 2014க்குப் பிறகு மறுபடியும் போச்சு. யார் அழுதீர்கள்? ஷெஃபீல்டு எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் விரலை வைக்கச் சொன்னால் பாதிப் பேர் லண்டனில் வைப்பீர்கள். 94ல் சிங்கப்பூர் மலேசியக் கோப்பையை 4-0 என்று பாஹாங்கிடமிருந்து எடுத்தபோது இருந்த சத்தம் எங்கே போச்சு?

ஈசூன்_ஆந்தை · 8.24

அங்கிள், நான் சுவா சூ காங் அரங்கத்துக்கு வாரியர்ஸைப் பார்க்கப் போயிருக்கிறேன். மழை பெய்து எல்லாரும் கூரைக்கடியில் ஒண்டினோம். மொத்தமே ஒரு பஸ்ஸில் ஏற்றலாம், அவ்வளவு கூட்டம். உங்களைக் காணோமே?

கல்லாங்_அலை94 · 8.29

நான் எதிர்ப்பக்கம் இருந்திருப்பேன்.

ஈசூன்_ஆந்தை · 8.30

எதிர்ப்பக்கம் காலி அங்கிள்.

பெடோக்_பீரங்கி · 8.33

அங்கிள் எல்லா ஆட்டத்துக்கும் போயிருக்கிறார். 1998ல் ஹனோயில் டைகர் கோப்பை இறுதியில் நம் சசிகுமார் தோளில் பட்டு கோல் விழுந்தபோதுகூட, தோள் அங்கிளுடையதுதான்.

கல்லாங்_அலை94 · 8.40

சசிகுமாரைக் கிண்டல் செய்யாதே. தோளோ முதுகோ, கோல் கோல்தான். டைகர் கோப்பை வந்தது. உன் ஆர்சனலுக்கு ஐரோப்பியக் கோப்பை எத்தனை?

பெடோக்_பீரங்கி · 8.42

1970ல் ஃபேர்ஸ் கோப்பை, 1994ல் கப் வின்னர்ஸ் கோப்பை. கேட்டதற்கு நன்றி. ஆந்தைக்கும் ஒரு நினைவூட்டல்: 1993, எஃப்ஏ கோப்பை மறு ஆட்டம், கூடுதல் நேரத்தின் கடைசி நிமிஷம், எங்கள் லினிகன் உங்களுக்குப் போட்ட கோல். 🦉💔

ஈசூன்_ஆந்தை · 9.05

லினிகன் பெயரை எடுக்காதே என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். அந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் நான் இந்தக் குழுவைப் பிடித்தேன். தோற்ற பிறகு எங்கள் ஆட்டக்காரர் கிறிஸ் வாடல் நடந்து போனதைப் பார்த்து. பன்னிரண்டு வயசில் பிடித்த பைத்தியம். மாமா ஒருத்தர் சாண்டர்சன் என்று நெஞ்சில் எழுதிய நீலவெள்ளைச் சட்டை வாங்கி வந்தார், இரண்டு அளவு பெரிசு. தேக்காவில் அம்மா அதைத் தைக்கக் கொடுத்து ஓரம் மடித்தார். அந்த மடிப்பு இன்னும் பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது.

சிவப்பு தம்பிக்கு இன்னொரு விஷயம் ஞாபகப்படுத்துகிறேன். 2023 மே, பிளேஆஃப் அரையிறுதி, முதல் ஆட்டத்தில் பீட்டர்பரோ 4-0. அன்றைக்கு எனக்கு வறுத்த கோழி படம் அனுப்பி "ஆந்தை ரெடி" என்று எழுதினவர் யார்? இரண்டாவது ஆட்டம் நம் நேரத்துக்கு விடியற்காலை மூணு மணி. வீட்டில் எல்லாரும் தூக்கம். 98ஆவது நிமிஷத்தில் பால்மர் நாலாவது கோல் போட்டபோது துண்டின் நுனியை வாயில் அடைத்துக்கொண்டேன். அப்படியும் கீழ் வீட்டுக்காரர் துடைப்பக்கட்டையால் கூரையைத் தட்டினார். 5-1, பெனால்டியில் ஜெயித்தோம். மன்னிப்பு வந்ததா? வரவில்லை. கோழிப் படம் மட்டும் இன்னும் போனில் இருக்கிறது.

செம்பவாங்_சிவப்பு · 9.12

கோழிக்கும் லிம்முக்கும் என்ன சம்பந்தம்?

ஈசூன்_ஆந்தை · 9.34

சம்பந்தம் இருக்கிறது. பரி என்று ஒரு கிளப், 1885ல் தொடங்கியது. 2018 டிசம்பரில் ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. ஒரு பவுண்டு! கோப்பிக்கடையில் ஒரு கோப்பி ஓ விலை. 2019 ஆகஸ்ட் 27ஆம் தேதி கடைசிக் கெடு. புதிதாக வாங்க ஆள் வந்தாச்சு என்று ரசிகர்கள் துடைப்பமும் வாளியும் எடுத்துக்கொண்டு போய் கிக் லேன் அரங்கத்தில் நாற்காலி நாற்காலியாகக் கழுவினார்கள், அடுத்த ஆட்டத்துக்குத் தயாராக இருக்கட்டும் என்று. அன்று பிற்பகலே வாங்க வந்தவர்கள் வாபஸ். ராத்திரி கிளப்பை லீகிலிருந்து தூக்கிவிட்டார்கள். கையில் துடைப்பத்தோடு நின்றவனிடம் போய், "அவர் வாபஸ் வாங்கவில்லை, வாங்க வைத்தார்கள்" என்று சொல்லிப் பார் தம்பி.

அதனால்தான் அந்தச் சொல்லை விடமாட்டேன் என்கிறேன். எங்களுக்கும் தினம் ஒரு பெயர் வருகிறது. இவர் பணம் காட்டினார், அவர் காட்டவில்லை என்கிறார்கள். காலையில் எழுந்ததும் முதல் வேலை அதைப் பார்ப்பதுதான்.

புங்கோல்_கணக்கர் · 9.41

பரி விவகாரம் லீகிலிருந்து நீக்கம், அது லிக்விடேஷன் கிடையாது. நான் மாலை 6.52க்கு எழுதியதை யாராவது படித்தீர்களா?

செம்பவாங்_சிவப்பு · 9.50

பரியை இழுத்து அனுதாபம் தேடாதீர்கள் அண்ணே. அங்கே வாங்க வந்தவர்கள் தாங்களாகவே விலகினார்கள். லிம்மை விலக்கினார்கள். லண்டன் உயர் நீதிமன்றமே போர்டு பக்கம் நின்றது. அதற்கு மேல் அவர் என்ன, மெர்சி ஆற்றில் குதிக்க வேண்டுமா?

சட்டைக் கதை நல்லா இருந்தது. அதற்காக வரலாறு மாறாது.

ஈசூன்_ஆந்தை · 9.58

சட்டைக்கு நீ மார்க் போட வேண்டாம். 2019 சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தன்று உன் பங்குக்குப் பில் கட்டியது நான். 18 வெள்ளி. "அடுத்த வாரம் தர்றேன் அண்ணே" என்றாய். அதையும் யாராவது வாங்க வைக்கவில்லையா?

பெடோக்_பீரங்கி · 10.01

18 வெள்ளி, அப்புறம் 18 புள்ளி. ஆந்தைக்கு ராசி எண் போல. 😂

செம்பவாங்_சிவப்பு · 10.04

பில்லில் பாதி உங்கள் சிக்கன் விங்ஸ். நான் குடித்தது ஒரே ஒரு தே பெங்.

கல்லாங்_அலை94 · 10.20

அடுத்த வாரம் உள்ளூர் லீக் ஆட்டம் பார்க்கப் போகிறேன். யார் வருகிறீர்கள்? டிக்கெட் நான் வாங்குகிறேன்.

ஈசூன்_ஆந்தை · 10.47

பதினோரு மணிக்கு எங்கள் ஆட்டம். வானொலி வர்ணனைதான், படம் கிடையாது. தே பெங் இல்லை, இரண்டு மைலோ டைனோசர், ரசீது இருக்கிறது. தேடிப் போடுகிறேன். 14ஆம் தேதி என்ன நடந்தது என்பதற்கும் இன்னும் பதில் வரவில்லை.

செம்பவாங்_சிவப்பு · 10.49

வாங்க வைத்தார்கள்.

ஈசூன்_ஆந்தை · 10.49

வாபஸ்.