ஆழ்கடலில் எரிமலை வெடித்தால் எப்படித் தெரியும்?

செக்காலைக்காரன்:
பத்தாவது படிக்கிற மகள் கேட்கிறாள். உலகத்து எரிமலைக் குழம்பில் முக்கால்வாசி கடலுக்கடியில்தான் வெளிவருகிறதாம். புகை தெரியாது, நெருப்பு தெரியாது. செயற்கைக்கோளும் அவ்வளவு ஆழத்துக்குள் எட்டிப் பார்க்காது. அப்புறம் எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்?

பள்ளத்தூர் கப்பல்காரர்:
தம்பி, பார்ப்பதைவிடக் கேட்பதுதான் அங்கே வேலைக்காகும். எஞ்சின் அறையிலேயே காலத்தை ஓட்டியவன் நான். கடலுக்குள் சத்தம் போகிற தூரத்தைச் சொன்னால் ஊரில் யாரும் நம்புவதில்லை. நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் வேகம். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஆழத்தில், சத்தம் அதிகம் சிதறாமல் வெகுதூரம் ஓடுகிற அடுக்கு ஒன்று உண்டு. சோவியத் நீர்மூழ்கிகளை ஒட்டுக்கேட்க அமெரிக்கக் கடற்படை போட்டுவைத்த மைக்குகளில் 1993இல் ஓரிகன் கரைக்கு அப்பால் ஒரு கடலடி வெடிப்பு சிக்கியது. பனிப்போருக்குக் கொட்டிய காசில் உருப்படியான வரவு என்றால் எனக்கு இதுதான்.

அதே பக்கம் ஆக்சியல் என்றொரு எரிமலை. உச்சியே 1,400 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. அதன்மேல் அழுத்தமானிகளை வைத்திருக்கிறார்கள். உள்ளே குழம்பு சேரச் சேரத் தரை உப்பும். மேலே நிற்கிற தண்ணீரின் உயரம் குறையும், அழுத்தமும் குறையும். ஆத்தங்குடிக் கல் பதிக்கும் முன் கொத்தனார் டியூபில் தண்ணீர் விட்டு மட்டம் பார்ப்பாரே, கிட்டத்தட்ட அந்தக் கணக்கு. 2015 ஏப்ரலில் வெடித்தபோது ஒரே நாளில் 8,000க்கு மேல் சின்னச் சின்ன அதிர்வுகள். குழம்பு வெளியேறியதும் தரை 2.4 மீட்டர் இறங்கிவிட்டது. கரையிலிருந்து கேபிள் இழுத்திருந்ததால் எல்லாம் உடனுக்குடன் தெரிந்தது.

தேவகோட்டை மீனா:
அண்ணே, கேபிள் போட்ட எரிமலை எத்தனை இருக்கப் போகிறது? 2012இல் நியூசிலாந்துக்கு வடக்கே ஹாவர் வெடித்ததை அந்தச் சமயத்தில் யாருமே கவனிக்கவில்லை. விமானத்தில் போன ஒரு பயணி கடலில் நுரைக்கல் (எரிமலைக் குழம்பு நுரைத்து உறைந்த, ஓட்டை ஓட்டையான லேசான கல்) பரப்பு மிதப்பதைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் பழைய செயற்கைக்கோள் படங்களையும் அதிர்வுப் பதிவுகளையும் புரட்டினார்கள். ஆப்பிரிக்காவுக்கும் மடகாஸ்கருக்கும் நடுவே இருக்கிற மயோட் தீவிலும் அதே கதை. 2018 மே மாதத்திலிருந்து வீடுகள் ஆடின, தீவே கொஞ்சம் கொஞ்சமாகக் கிழக்கே நகர்ந்ததை ஜிபிஎஸ் காட்டியது. மறு வருடம் கப்பல் போய்ப் பார்த்தால் 3,500 மீட்டர் ஆழத்தில் 800 மீட்டர் உயரத்துக்குப் புது மலை!

செக்காலைக்காரன்:
இருவருக்கும் நன்றி. மிதக்கிற அந்தக் கல்லைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள்.

பள்ளத்தூர் கப்பல்காரர்:
ஃபேன்சி ஸ்டோரில் பாதம் தேய்க்கிற கல் இருக்கிறதா என்று கேள். செயற்கைக் கல்லும் விற்கிறார்கள், அதுவும் மிதக்கும். ஓட்டைகள் எல்லாம் ஒரே அளவில் இருந்தால் வாங்காதே.