எல்கரின் ‘ஆவே வேரும்’: ஓபஸ் 2 என்று போட்டுவிட்டு 1902 என்று ஏன்?

ஆல்ட்டோ_வரிசை:
நற்கருணைப் பெருவிழாவுக்கு எங்கள் பாடகர் குழு ஆங்கிலேய இசையமைப்பாளர் எட்வர்ட் எல்கரின் ‘ஆவே வேரும் கோர்புஸ்’ என்ற லத்தீன் நற்கருணைப் பாட்டைப் பழகுகிறது. பாட்டுத்தாளில் மேலே ஓபஸ் 2, எண் 1 என்று, அதாவது அவருடைய படைப்பு வரிசையில் இரண்டாவது என்று, இருக்கிறது, கீழே பதிப்பு ஆண்டு 1902. அவருடைய பெரிய படைப்பான எனிக்மா வேரியேஷன்ஸ் 1899, அது ஓபஸ் 36. ட்ரீம் ஆஃப் ஜெரான்டியஸ் 1900, அது 38. அதற்கெல்லாம் பின்னால் வந்த ஒன்று எப்படி 2 ஆகும்?

அப்புறம் இன்னொன்று, இதுதான் என்னை உறுத்துகிறது. போன வாரம் பயிற்சியில் ஒருவர், இது முதலில் இறந்தவருக்காக எழுதிய மெட்டு, பிற்பாடு வார்த்தையை மாற்றி நற்கருணைப் பாட்டாக்கிவிட்டார் என்றார். உண்மைதானா? உண்மையென்றால் எனக்கு மனசு ஒப்பவில்லை. போன வருடம்தான் அப்பாவை அடக்கம் செய்தோம். நற்கருணையின் முன் நின்று பாடும்போது அந்த ஞாபகம் வந்துவிட்டால் குரல் எழும்பாது.

மாடி_ஆர்கன்:
உண்மைதான் அம்மா. எல்கர் 1872இல் பதினைந்து வயதில் பள்ளிப் படிப்பை முடித்ததும் வூஸ்டர் ஊரில் வில்லியம் ஆலன் என்ற வக்கீலின் அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். ஒரு வருடம்போல இருந்துவிட்டு இசைதான் வேண்டும் என்று வெளியே வந்துவிட்டார். பிறகு அந்த ஊரிலேயே வயலின் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, 1885இலிருந்து புனித ஜார்ஜ் கத்தோலிக்க ஆலயத்தில் ஆர்கனும் வாசித்தார். அது அவர் அப்பா 1846இலிருந்து பார்த்துவந்த வேலை. 1887 ஜனவரியில் அந்த ஆலன் இறந்தபோது அவர் நினைவாக எழுதியதுதான் ‘பியே யேசு’ என்ற இறந்தோர் மன்றாட்டு. எல்கருக்கு அப்போது 29 வயது, வெளியூரில் யாருக்கும் பெரிதாகத் தெரியாது. 1902இல் அதைத் திருத்தி ‘ஆவே வேரும்’ வரிகளைப் போட்டு அச்சுக்குக் கொடுத்தார். எண் பழைய காலத்துக்கு உரியது, ஆண்டு அச்சானது. கூடவே அதே ஓபஸில் வரும் ‘ஆவே மரியா’, ‘ஆவே மாரிஸ் ஸ்தெல்லா’ இரண்டும் அந்த ஆலய நாட்களில் எழுதியவை, வெளிவந்தது 1907இல்.

அதனால் அந்த எண்ணை நம்பிப் பாடுங்கள். பெரிய ஆர்கெஸ்ட்ராவை எழுதின கை இதில் இல்லை, ஞாயிற்றுக்கிழமை தன் முன்னால் நிற்கும் நாலைந்து ஆட்களின் மூச்சு எவ்வளவு தாங்கும் என்று தெரிந்த ஓர் ஆர்கன்காரரின் கைதான் இருக்கிறது. முதலில் சோப்ரானோ, அதாவது பெண்களின் மேல் குரல், மட்டும் மெட்டைச் சொல்லும், அதையே முழுக் குழுவும் நாலு குரலில் திருப்பிச் சொல்லும். புதிதாகச் சேர்ந்தவரும் ஒருமுறை காதில் வாங்கிக்கொண்டுதான் வாய் திறக்கிறார். இதைவிட அன்பாக ஒரு சின்னக் குழுவுக்கு எழுத முடியுமா தெரியவில்லை.

இரண்டாம்_டெனர்:
எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு, சொல்லிவிடுகிறேன். மோட்சார்ட்டும் இதே வரிகளுக்குத்தான் 1791 ஜூனில், தான் சாவதற்கு ஆறு மாதம் முன்னால், வெறும் 46 பாரில் (தாளக் கட்டில்) மெட்டமைத்தார். அதில் ஒவ்வொரு சொல்லும் அந்தச் சுரத்துக்கென்றே பிறந்த மாதிரி இருக்கும். எல்கருடையதில் சொல்லும் மெட்டும் ஒன்றாகப் பிறக்கவில்லை. ‘பியே யேசு தோமினே’ ஏழு சிலபிள் (அசை), ‘ஆவே வேரும் கோர்புஸ் நாத்தும்’ எட்டு. முதல் அடியிலேயே ஒன்று கூடுகிறது. அடுத்த அடி இரண்டிலும் ஏழுதான், அது பொருந்திவிடும். மெட்டு இனிப்பாகவும் இருக்கிறது, மறுக்கவில்லை, ஆனால் பாடும்போது வரியின் கனம் எனக்குக் கிடைப்பதில்லை.

பழைய_பூசைப்புத்தகம்:
டெனர் தம்பி எண்ணியது சரி. ஆனால் எட்டும் ஏழுமாக நடக்கும் இந்த நடை லத்தீன் பாட்டுக்குப் பழகினது, நற்கருணை ஆசீரில் பாடும் ‘தாந்தும் எர்கோ’வும் அதே நடைதான். ‘பியே யேசு’ வரி, இறந்தோர் பூசைக்கான பழைய பாட்டான ‘தியேஸ் ஈரே’யின் கடைசியில் வருவது, அதுவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஓர் அடியில் ஒரு சிலபிள் கூடுவதை மெட்டு தாங்கிக்கொள்ளும்.

ஆல்ட்டோ அம்மா கேட்டதற்கு என் பதில் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. ‘எஸ்தோ நோபிஸ் ப்ரேகுஸ்தாத்தும் இன் மோர்த்திஸ் எக்ஸாமினே’ என்ற வரியை எடுத்துப் பாருங்கள். சாவு எங்களைச் சோதிக்கும் நேரத்தில் நீரே எங்களுக்கு முன்ருசியாக இரும் என்று அர்த்தம். ‘பியே யேசு’ இறந்துபோனவருக்கு இளைப்பாற்றி கேட்கிறது, ‘ஆவே வேரும்’ சாகப்போகிற நமக்காகக் கேட்கிறது. எல்கர் சாவை அழித்துவிட்டு வேறு எதையோ எழுதவில்லை. அப்பா ஞாபகம் வந்தால் வரட்டும் அம்மா, அந்த வரி அதற்கு இடம் வைத்திருக்கிறது.

அப்புறம் உச்சரிப்பு. நம் பிள்ளைகள் ஆங்கில வழக்கத்தில் ‘நாட்டும்’, ‘இம்மொலாட்டும்’ என்று ட போடுவார்கள், அங்கே நாக்கு பல்லில் பட்டு ‘த்த’ வர வேண்டும். ‘க்ரூசே’ இல்லை, ‘க்ரூச்சே’. ‘ஹோமினே’ என்று ஹ ஊத வேண்டாம், ‘ஓமினே’ போதும். ‘வேரும்’ சொல்லும்போது நம் ஏகாரத்தை அப்படியே நேராகப் பிடித்தால் சரி, ‘வேய்’ என்று வளைத்துவிடாதீர்கள்.

ஆல்ட்டோ_வரிசை:
அந்த வரியை இத்தனை நாளும் எழுத்துக்கூட்டிப் பாடியிருக்கிறேன், அர்த்தம் கேட்டதில்லை. நேற்றுப் பயிற்சியில் அங்கே வந்தபோது தொண்டை அடைத்துத்தான் போனது, பக்கத்தில் நின்ற அக்கா என் பங்கையும் சேர்த்துப் பாடிவிட்டார். அடுத்த ‘ஓ க்ளேமென்ஸ், ஓ பியே’ வரும்போது நானும் சேர்ந்துகொண்டேன். ட எல்லாவற்றையும் பென்சிலால் அடித்துத் த போட்டாயிற்று. அந்தக் கடைசி வரிகளில் சத்தம் குறைந்துகொண்டே வரும்போது எங்களுக்குச் சுருதி இறங்கிவிடுகிறது, என்ன செய்யலாம்?

மாடி_ஆர்கன்:
சத்தத்தைக் குறைக்கும்போது மூச்சையும் சேர்த்துக் குறைக்கிறீர்கள், அதுதான். ‘ஓ’ ஒவ்வொன்றுக்கும் முன்னால் புதுசாக மூச்சு எடுக்கச் சொல்லுங்கள், இரண்டு வாரம் ஆர்கன் இல்லாமல் பழகுங்கள்.